அக்கா கொடுத்த பம்ப்பு

கோவிச்சுக்காதீங்கண்ணா. மோட்டாரை டெம்போவுல ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, வந்து பாத்தா கடை பூட்டிக் கெடக்குது. யாரா இருந்தாலும் கோவம் வரத்தான் செய்யும். பதினோரு மணியில இருந்து ஒரு முக்கா மணி நேரம் தெனமும் பூட்டித்தானுங்க இருக்கும். என்ற சம்சாரம் மெட்ரிக் ஸ்கூல்ல கணக்கு டீச்சருங்க. அவ அங்க பீச்சி வெக்கிற பாலை ஐஸ் போட்ட பிளாஸ்க்குல வாங்கிட்டுப் போயி ஊட்டுல கொடுத்துட்டு வர்றேன். ஆமாங்க, தாய்ப்பாலுத்தான். பாப்பாவுக்கு இப்பத்தான் நாலு மாசம் முடிஞ்சிருக்குது.

நீங்க சிரிக்கலை. சிரிச்சாலும் ஒண்ணும் நெனைக்க மாட்டேனுங்க. எதுத்தாப்புல டீக்கடைக்காரர் தெனமும் சிரிக்கிறாரு. நான் சட்டரை எறக்குனாப் போதும், ‘பால் வண்டி கெளம்பிருச்சு’ம்பாரு. சிரிச்சுட்டுப் போறாரு, போங்க.

அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. நான் பேசிக்கிட்டே உங்க மோட்டாரைக் கழட்டறேன். இப்புடிக் கழட்டிக்கிட்டே பேசறதுதான் எனக்குப் பழக்கம், கை சும்மா இருந்தா வாயி வராது.

பம்ப்பு சோலிக்கு வந்து பதினெட்டு வருசம் ஆச்சுங்க. போர் மோட்டாரு, கெணத்து மோட்டாரு, ஊட்டுக்கு மேல ஏத்தற மோட்டாரு, எல்லாம் பாத்தாச்சு. சத்தத்தை வெச்சே என்ன போச்சுன்னு சொல்லிப்போடுவேன். இந்தச் சுத்துவட்டாரத்துல பம்ப்பு விசயத்துல மயில்சாமி ஒரு வார்த்தை சொன்னா மறுபேச்சு இல்லை. நானாச் சொல்லிக்கலைங்க, ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. ஆனா பாருங்க, ஒரு பம்ப்பு என்னையும் ஒரு ஆட்டு ஆட்டி வெச்சிருச்சு. இத்தனூண்டுதான் இருக்கும், சோத்துப் போசிக்குள்ள போட்டு மூடிரலாம்.

பாப்பா பொறந்தது மாசி மாசமுங்க. மே மாசம் ஸ்கூல்ல இருந்து ஃபோன் பண்ணிட்டாங்க, ஜூன்ல வந்து சேர முடியுமா முடியாதா, பத்தாவதுக்கு ஆளில்லைன்னு. கௌசல்யா, அதான் என்ற சம்சாரம், போறேன்னு சொல்லிட்டா. என்ட்ட கேட்டுக்கிட்டுச் சொல்லலை, சொல்லிட்டு எனக்குச் சொன்னா. நான் ஒண்ணும் பேசலைங்க. அவ விசயத்துல நான் எப்பவுமே தலையிட மாட்டேன். போறதா இருந்தா ஸ்கூட்டர்ல போகாத, நான் கொண்டுபோயி உடறேன், பஸ்ஸுல வந்தா முன்னால உக்காரு, கரும்பலகையில ஒசக்க எழுதாதே, கையைத் தூக்குனா முதுகு வலிக்கும், இப்புடி ரெண்டு மூணு சொன்னேன். அவ்வளவுதான்.

பாப்பாவைப் பாத்துக்க என்ற மாமனாரு இருக்காரு. கவர்ன்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டானவரு. மாமியார் போன பொறவு எங்ககூடத்தான் இருக்காரு. முப்பது வருசம் பஸ்ஸுல கத்திக் கத்தி, பேச்சையெல்லாம் அங்கயே தீத்துட்டாரு போல. ஊட்டுல ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவாரு. ஆனா புள்ளையைத் தோள்ல போட்டாருன்னா அது அப்புடியே அடங்கிரும்.

ஆளு இருக்குது. பாலுக்கு என்ன பண்றது, அதுதான் கேள்வி. டின்னு பவுடர் கொடுக்கக் கௌசல்யாவுக்கு மனசில்லை. ‘எனக்கு நல்லா ஊறுதுங்க. ஊறற வரைக்கும் கொடுக்கறேனே’ன்னா.

இந்தச் சேதி மெட்ராஸ்ல இருக்கற என்ற அக்காளுக்குப் போச்சு. மோகனாம்பாள்னு பேரு. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. எங்க அம்மா நான் ஏழாவது படிக்கறப்பவே தவறிட்டாங்க. அதுக்கப்பறம் எனக்குச் சோறாக்கிப் போட்டது, டிப்ளமா படிக்கத் தாட்டி உட்டது, பொண்ணு பாத்தது எல்லாமே அக்காதான். அக்கா ஒண்ணு சொன்னா எனக்கு மறுக்க வராதுங்க. இப்பவும் ஃபோன் அடிச்சா எந்திரிச்சு நின்னுதான் பேசுவேன்.

அக்கா ஒரு பார்சல் அனுப்பிச்சா. பிரிச்சுப் பாத்தா, பால் எடுக்கற மிசினு. அவளோட ரெண்டு புள்ளைகளுக்கும் அவளே உபயோகிச்சது. பெரியவளுக்குப் பன்னெண்டு வயசு, சின்னவனுக்கு ஏழு. அத்தனை வருசம் அதை வெச்சிருந்திருக்கா பாருங்க. ஒரு நீலப் பையி, அதுக்குள்ள சின்ன மோட்டாரு, ரெண்டு டியூபு, ரெண்டு பாட்டிலு, பாட்டிலு மேல மாட்டறதுக்குப் புனலாட்ட ரெண்டு. எல்லாத்தையும் வெள்ளைத் துணியில தனித்தனியாச் சுத்தி, கல்யாணச் சீராட்ட அனுப்பிச்சிருந்தா.

‘மயிலு, எல்லாம் கொதிதண்ணியில போட்டு எடுத்திருக்கேன். கௌசியை நாளையில இருந்தே போட்டுப் பழகச் சொல்லு. இது இருந்தாப் போதும், கவலையே இல்லை’ன்னா.

நான் என்ன பண்ணினேன், மிசினைக் கடைக்கு எடுத்துட்டு வந்தேன். கௌசல்யா, ‘அது எதுக்குங்க கடைக்கு’ன்னா. ‘டெஸ்ட் பண்ணாம ஊட்டுல ஓட்டறதா’ன்னு கேட்டேன். இதா, இந்த பெஞ்சு மேலதான் வெச்சேன். நல்லவேளை அன்னைக்குக் கஸ்டமர் யாரும் இல்லை. ஓட்டிப் பாத்தேன். நல்ல சத்தமுங்க, தேனீ மாதிரி. ஊட்டுக்குப் போயி, ‘மோட்டாரு பர்ஸ்ட் கிளாஸு. நாளையில இருந்து ஆரம்பிச்சுக்கோ’ன்னு சொல்லிட்டேன்.

அவ தலையை ஆட்டுனா. பையை வாங்கி பீரோ மேல வெச்சா.

அங்க வெச்சதுதானுங்க. நாளைக்குன்னா. நாளைக்குக் கேட்டா, பாப்பா சரியாத் தூங்கலைன்னா. அடுத்த நாளு தலைக்குக் குளிச்சிருக்கேன்னா. தலைக்குக் குளிக்கறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்மந்தம். எனக்கு வெளங்கிருச்சு, இவளுக்கு மிசின்னாப் பயம். பொம்பளைகளுக்குப் பொதுவாவே மிசின்னா ஒரு பயம் இருக்குமுங்க. இத்தனைக்கும் ஊட்டு மிக்சி கெட்டாக் கழட்டி மாட்டறது அவதான். எனக்கு எங்க நேரம்.

அக்கா தெனமும் ஃபோன் பண்ணுவா. ‘என்னடா, மிசின் எப்படி?’

முதல் நாளு, ‘நல்லா இருக்குது அக்கா’ன்னேன். அது பொய்யில்லை, மிசினு நல்லாத்தானே இருந்துச்சு. ரெண்டாவது நாளு, ‘கௌசி போட்டாளா’ன்னா. ‘போட்டா’ன்னேன். ‘எவ்வளவு வந்துச்சு’ன்னா. அதுக்கு ஒரு அளவு சொல்லணுமில்லீங்க. ‘அரைப் பாட்டிலு’ன்னேன். அக்காளுக்கு அவ்வளவு சந்தோசம். அந்தக் குரலைக் கேட்ட பொறவு நிறுத்த முடியலை. ஒரே வாரத்துல ரெண்டு பாட்டிலும் ரொம்பி வழிய ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் என்ற வாயிலதான்.

அப்பறம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்குப் போனோம். நான் வண்டிகிட்ட நின்னுட்டேன். ஊசி போடறதை நான் பாக்க மாட்டேனுங்க, புள்ளை அழுதா எனக்குக் கண்ணு இருட்டிக்கும். உள்ள போனவ ரொம்ப நேரமா வரலை. வந்து வண்டியில ஏறி உக்காந்த பொறவு, முதுகுக்குப் பின்னால இருந்து சொல்றா. எதா இருந்தாலும் வண்டி ஓட்டறப்பத்தான் சொல்லுவா. நான் திரும்பிப் பாக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்.

‘ஏனுங்க, எஸ்தர் சிஸ்டர்கிட்ட அந்த மிசினைப் பத்திக் கேட்டேன்.’

‘அவங்ககிட்ட என்ன கேக்கறது?’

‘ஒருத்தர் உபயோகிச்சதை இன்னொருத்தர் உபயோகிக்கலாமான்னு கேட்டேன். சில மிசின்ல பாலு மோட்டார்ப் பக்கம் போகாம நடுவால ஒரு தடுப்பு இருக்குமாம். அப்படி இருந்தாக்கூட கம்பெனிக்காரங்க சரின்னு சொல்லியிருந்தாத்தான், பாலு படற பாகத்தையெல்லாம் புதுசா மாத்திட்டு உபயோகிக்கணுமாம். தடுப்பு இல்லாத மிசினா இருந்தா தொடவே வேண்டாம்னாங்க. உள்ள போன பாலை எடுக்கவே முடியாதாம். நம்மளதுல தடுப்பு இருக்குதுங்களா?’

எனக்கு எப்புடி இருக்கும், சொல்லுங்க. பதினெட்டு வருசமா பம்ப்புலயே கெடக்கறவன் ஊட்டுலயே இருக்கேன். அவ போயி ஊசி போடற சிஸ்டர்கிட்ட பம்ப்பைப் பத்திக் கேட்டுட்டு வர்றா.

‘மோட்டாருக்குள்ள பாலு எப்புடி அம்மணி போகும். அதெல்லாம் போகாது’ன்னேன்.

‘அப்பக் கழட்டிப் பாத்துருங்க’ன்னா. சத்தம் போட்டுச் சொல்லலை. பத்தாவது புள்ளைககிட்ட, விடையைச் சரி பாத்துக்கோன்னு சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி சொன்னா. அவ சொல்லித்தான் கழட்டணும்னு எனக்கு ஒண்ணுமில்லை. நானே கழட்டறதாத்தான் இருந்தேன்.

ஞாயித்துக்கெழமை காலையில ஹால்ல பேப்பரை விரிச்சு உக்காந்தேன். மாமனாரு பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு சேர்ல உக்காந்திருக்காரு. கௌசல்யா கதவு நெலையில சாஞ்சு நிக்கிறா. எனக்கு ஒரு பக்கம் பெருமைதான். குடும்பத்துக்கு முன்னால நான் சோலி பண்ணிக் காட்டுனதே இல்லைங்களே. ‘இது ஸ்க்ரூ, இதை இப்புடித் திருப்பணும், இதா வந்துருச்சு பாரு’ன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே கழட்டறேன்.

மூடியைத் தூக்குனேன். முதல்ல வாசம்தானுங்க வந்துச்சு. புளிச்ச வாசம். நடுவால தடுப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை, டியூபு நேரா உள்ள போகுது. டயாபிரம்னு ஒரு ரப்பர் தகடு இருக்கும், அதுதான் அமுங்கி அமுங்கிக் காத்தை இழுக்கறது. அதுக்கு அடியில சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையாக் காஞ்சு கெடக்குது. அது மேல கருப்புக் கருப்பாப் பூசணம். டியூபு மோட்டார்ல சேர்ற எடத்துல உள்பக்கம் பூராப் பழுப்பு.

என்ற மாமனாரு எட்டிப் பாத்தாரு. ‘மாப்ள, பாப்பாவுக்கு இது வேண்டாங்க’ன்னாரு. அன்னைக்குக் கோட்டாவை அதோட முடிச்சுக்கிட்டாரு.

கௌசல்யா, நான் அப்பவே சொன்னேன்ல, அப்புடி ஒரு வார்த்தை சொல்லலீங்க. உள்ள போயி எனக்குக் கை தொடைக்கப் பழைய துணி எடுத்துட்டு வந்தா. அதுதான் எனக்குத் தாங்கலை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா பதிலுக்கு நாலு பேசியிருப்பேன்.

நானும் சும்மா விடலை. பெட்ரோல்ல கழுவிரலாம்னேன். அவ என்னையப் பாத்தா. சரி, மண்ணெண்ணெய்னேன். அதுக்கும் பாத்தா. சரி, இதை உடு, நானே புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன், கால்ல மிதிக்கற மாதிரி, கையி ரெண்டும் சும்மா இருக்கும், நோட்டுக்கூடத் திருத்தலாம்னேன்.

‘எனக்கு ரெண்டு கை இருக்குதுங்க. அது போதும்’னா.

எஸ்தர் சிஸ்டர் கையிலயே எடுக்கறதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சுடுதண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் கொடுத்து, வாயகலமான கிண்ணத்தைக் கொதிக்க வெச்சு எடுத்து, அதுல பீச்சறது. முதல் நாளு ரெண்டு ஸ்பூனுகூட இல்லை. கிண்ணத்தோட அடிதான் நனைஞ்சுது. அன்னைக்கு அவ மொகம் வாடிப் போச்சு. ‘இதுக்கா இவ்வளவு பாடு’ன்னு ஒரு வார்த்தை நான் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ரெண்டு நாளு என்ட்டப் பேசலை. மூணாவது நாளு கால் டம்ளர், ஒரு வாரத்துல அரை டம்ளருக்கு மேல. கை பழகிருச்சு. மாமனாரு சங்குல ஊத்தி ஊத்திக் கொடுக்க, பாப்பா நாக்கை நீட்டி நீட்டிக் குடிச்சுது. நான் கிண்ணம் கழுவிக் கொடுத்தேன். பிளாஸ்க்கு ஐடியாவும் என்னுதுதான். கௌசல்யா சொன்னா, வாங்கிட்டு வந்தது நான்.

ஆக, அந்த மிசினு வேண்டாம்னு அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேனுங்க. ஊட்டுல நான் ஒண்ணு முடிவு பண்ணுனா எல்லாரும் கேட்டுக்குவாங்க.

முடிவு பண்றது ஒண்ணும் பெருசில்லைங்கண்ணா. அதை அக்காகிட்ட யாரு சொல்றது. நான்தான் ரெண்டு பாட்டிலு ரொப்பி வெச்சிருக்கேனே.

அந்த நேரம் பாத்து அக்கா ஃபோன் பண்றா. வர்ற வெள்ளிக்கெழமை திருப்பூர்ல ஒரு கல்யாணம், முடிச்சுட்டு மத்தியானம் சூலூர் வந்து பாப்பாவைப் பாத்துட்டுப் போறேன்னு. ‘கௌசி மிசின் போடறதையும் பாக்கணும்டா. எனக்கு அதுல ஒரு ஆசை’ன்னா. வியாழக்கெழமை எல்லாத்தையும் திரும்ப மாட்டிப் பையில வெச்சேன். பாட்டிலு ரெண்டையும் தண்ணியில நனைச்சு, அடுக்களையில தட்டு மேல கவுத்து வெச்சேன். இப்பத்தான் கழுவி வெச்சாப்புல.

கௌசல்யா ஸ்டவ்வுகிட்ட நின்னுக்கிட்டே அதைப் பாத்தா.

‘இந்தப் பாட்டிலை யாருங்க நனைச்சது?’

‘நாந்தான்.’

‘எதுக்குங்க?’

‘அக்கா மனசு ஒடஞ்சுபோகும் அம்மணி. ஒரு மணி நேரம்தான் இருப்பா. நீ சும்மாத் தலையை மட்டும் ஆட்டு.’

அவ துணி எடுத்து ரெண்டு பாட்டிலையும் தொடைச்சா. தொடைச்சுப் பைக்குள்ள வெச்சா. ‘நீங்க சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்றேன்’னா.

நானே பக்குவமாச் சொல்லிர்றேன்னு சொல்லிட்டேன். அக்கா விசயம், எனக்குத்தானே பக்குவம் தெரியும்.

வெள்ளிக்கெழமை மத்தியானம் அக்கா வந்தா. பட்டுச்சேலை, தலை நெறையப் பூவு. கல்யாண ஊட்டுத் தாம்பூலப் பையைக் கையில கொடுத்துட்டு, கைகாலு கழுவிக்கிட்டு, பாப்பாவை வாங்கி மொகத்தோட மொகம் வெச்சுக்கிட்டா. அரை மணி நேரம் அப்புடியே இருந்தா. நானும், மிசினை மறந்துட்டா போலன்னு இருந்தேன். ‘மிசின் எங்க கௌசி’ன்னா.

நான் முந்திக்கிட்டேன். ‘அது வந்து அக்கா, ஒரு சின்ன சர்வீசு. ஓடி ஓடிச் சூடாயிருச்சு. கழட்டி வெச்சிருக்கேன்’னேன்.

கௌசல்யா என்னையப் பாக்கவே இல்லை. அக்கா பக்கத்துல போயி உக்காந்தா. ‘அண்ணி, நான் அதை ஒரு நாளும் போடலைங்க. உங்க தம்பி உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்யிங்க’ன்னா. சிஸ்டர் சொன்னது, கழட்டுனது, உள்ள இருந்தது எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிட்டா. பக்குவமெல்லாம் ஒண்ணுமில்லை.

அக்கா மொகம் அப்புடியே மாறிப்போச்சு. ‘நான் கொதிதண்ணியில போட்டுத்தானே அனுப்பிச்சேன். என்ன, அழுக்கா வெச்சிருந்தேன்னு சொல்றியா?’

மாமனாரு எந்திரிச்சு வந்து, பாப்பாவை அக்கா கையில இருந்து மெதுவா வாங்கிக்கிட்டு வெளிய போயிட்டாரு. முப்பது வருசம் பஸ்ஸுல சண்டையைப் பாத்தவரு, எப்ப எறங்கணும்னு தெரியும்.

‘நீங்க கழுவுனதுல ஒரு கொறையும் இல்லைங்க அண்ணி. பாட்டிலு, புனலு எல்லாம் பளபளன்னு இருக்குது. கழுவவே முடியாத எடத்துல போயிருக்குது. கம்பெனிக்காரங்க செஞ்ச மிசின் அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க’ன்னா கௌசல்யா. பையை எடுத்துட்டு வந்து, அந்த மூடியைக் கழட்டிக் காட்டுனா. ஸ்க்ரூ டிரைவர் எதுன்னுகூட என்ட்டக் கேக்கலை.

அக்கா அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. நான் திட்டு வாங்கறதுக்குத் தயாரா நின்னுட்டிருக்கேன். ஆனா அவ பேசுனது வேற.

‘பெரியவளுக்கு இதுல நல்லா வந்துச்சு கௌசி. சின்னவனுக்குத்தான் வரவே இல்லை. மூணாவது மாசமே ஆபீசுக்குப் போனேன்ல. ஃபைல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருப்பேன். சத்தம் வரும். வலது பக்கம் ஏதோ கொஞ்சம் வரும். இடது பக்கம் சொட்டுகூட வராது. தினமும் காலிப் பாட்டிலோட வீட்டுக்கு வருவேன். அப்புறம் இருந்ததும் வத்திப் போச்சு. எங்க மாமியார் சொன்னாங்க, உனக்கு ஊறலைன்னு. அவரும் அதைத்தான் சொன்னாரு. ஊறாதவளுக்கு எதுக்கு மிசின்னு ஒரு நாள் சிரிச்சாரு. டின் பவுடருக்கு மாத்தினோம். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என் ஒடம்புலதான் கொறைன்னு. சரி, நல்லா ஊறறவளுக்காச்சும் இது உதவட்டும்னுதான் உனக்கு அனுப்பிச்சேன்.’

சொல்லிட்டு லேசாச் சிரிச்சா.

பேச்சு ஒரு மாதிரியாப் போகுதுங்களா. மாத்தணுமேன்னு நான் கீழ கெடந்த சாமானை எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு புனலுக்கு அடியிலயும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், கட்டை விரல் நகம் அளவுதான். ரெண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சேன். இடது பக்கத்துது ஓரத்துல கிழிஞ்சிருக்குது. முடி அளவு கிழிசல்.

‘அக்கா, இங்க பாரு. இது கிழிஞ்சிருக்குது’ன்னேன்.

‘பழசாயிருச்சுல்ல, கிழிஞ்சிருக்கும்’னா.

‘இல்லை அக்கா. இப்பக் கிழிஞ்சதில்லை. கிழிசலுக்குள்ள பாலு காஞ்சு ஒட்டியிருக்குது, பாரு. நீ உபயோகிக்கறப்பவே கிழிஞ்சிருக்குது. இது கிழிஞ்சாக் காத்தைத்தான் இழுக்கும், பாலை இழுக்காது. கெணத்துக் குழாய்க்கு அடியில இருக்கற ஃபுட்வால்வு போன மோட்டாராட்ட. மோட்டாரு ஓடும், சத்தம் நல்லா வரும், தண்ணி மட்டும் ஏறாது. எத்தனை பேரு என்ட்ட வந்து, கெணறு வத்திப்போச்சு மயில்சாமின்னு அழுதிருக்காங்க தெரியுமா. போயிப் பாத்தா ஃபுட்வால்வு போயிருக்கும். கெணத்துல தண்ணி இருக்கும்.’

அக்கா என்ற கையில இருந்த அந்த வால்வையே பாத்தா.

‘அப்ப எனக்கு?’

‘உனக்கென்ன. உனக்கு ஒண்ணுமில்லை அக்கா. வால்வு போயிருக்குது, அவ்வளவுதான். எடுக்காம விட்டா எதுவும் வத்தித்தான் போகும்.’

அதுக்கு அழுதுட்டா. எங்க அக்கா அழுது நான் பாத்ததே இல்லைங்கண்ணா. அம்மா போனப்பக்கூட எனக்கு முன்னால அழுகலை. சத்தமில்லாம, பட்டுச்சேலை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதா. கௌசல்யா அவளைத் தோளோட சேத்துப் புடிச்சுக்கிட்டா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு நின்னுட்டிருக்கேன். வால்வு போச்சுன்னுதானே சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கௌசல்யா தலையைத் தூக்கி, ‘அன்னைக்குக் கடையில டெஸ்ட் பண்ணுனப்ப இது தெரியலீங்களா’ன்னு கேட்டா.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அன்னைக்குக் காத்து எவ்வளவு இழுக்குதுன்னு கேஜ் வெச்சுப் பாத்தேனுங்க. வலது பக்கம் முள்ளு சரியா நின்னுச்சு. இடது பக்கம் பாதியிலயே நின்னுருச்சு. பாத்தேன். தென்னந்தோப்புக்கா பாய்ச்சப் போறோம், பாதி போதும்னு விட்டுட்டேன். அதை அவகிட்டச் சொல்லலை. ‘சத்தம் நல்லா இருந்துச்சே’ன்னு மட்டும் சொன்னேன்.

‘காப்பித் தூள் வாங்கிட்டு வாங்க’ன்னா. டப்பா நெறையத் தூளு இருக்குது. இருந்தாலும் போனேன். வாசல்ல மாமனாரு பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டிருந்தாரு. என்னையப் பாத்து, ‘மெதுவா வாங்க மாப்ள’ன்னாரு.

மெதுவாத்தான் வந்தேன். வந்து பாத்தா ரெண்டு பேரும் சிரிச்சுட்டிருக்காங்க. என்னையப் பத்தித்தான், உள்ள நுழைஞ்சதும் நிறுத்திட்டாங்களே. அக்கா எனக்குத் தலையில ஒரு குட்டு வெச்சா. ‘ரெண்டு பாட்டிலும் வழியுதாடா’ன்னா. வலிக்கற மாதிரிதான் வெச்சா.

பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப மோட்டாரு, டியூபு, பாட்டிலு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரச் சொல்லிட்டா. ஏழு வருசமாத் துணியில சுத்தி வெச்சிருந்த மிசினுங்க, ஒரு வார்த்தையில தூக்கிப் போடுன்னுட்டா. ஆனா அந்தக் கிழிஞ்ச வால்வை மட்டும் கேட்டு வாங்கி, பேப்பர்ல மடிச்சு ஹேண்ட்பேக்ல உள் ஜிப்புல வெச்சுக்கிட்டா.

‘அது எதுக்கு அக்கா? புதுசு வேணும்னா வாங்கித் தர்றேன்’னேன்.

‘வேண்டாம்டா. உங்க மச்சான்கிட்டக் காட்டணும்’னா.

எனக்கு இன்னும் வெளங்கலீங்கண்ணா. மச்சான் பேங்க்ல வேலை பாக்கறவரு. வால்வைப் பாத்து அவருக்கு என்ன தெரியப் போகுது.